குறை வைத்த மூட்டை

அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள், நித்யா மேரி தன்னைத் தானே மீட்டுக்கொள்வதற்காக முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? நேர்ந்துவிட்ட கைக்குழந்தையைத் தராசில் வைத்து, எடைக்கு எடை முந்திரிப் பயறு, அதாவது உடைத்த பருப்பு, கொடுத்து மீட்பதை அந்தோணியார் திருவிழாவில் வருசா வருசம் பார்க்கிற ஊர்தான் அது. ஆனால் இருபத்துநாலு வயசுப் பெண், அதுவும் கன்னியர் மடத்தில் ஐந்து வருசம் இருந்துவிட்டு வந்தவள், தட்டில் ஏறி உட்காரப் போகிறேன் என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

தானே புயலில்தான் அவளை நேர்ந்தார்கள். புயலடித்த விடியற்காலையில் அவள் அப்பா மரியலூர்து தோப்புக் கொட்டகையில் மாட்டிக்கொண்டார். அண்ணாகிராமம் பக்கம் நின்ற பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் அம்மா ஆரோக்கிய ராணி ஓடு பறக்கப் பறக்க அந்தோணியார் சுரூபத்தின் முன் முட்டிபோட்டு, "அந்தோணியாரே, எம்புருசன உசுரோட குடு. எம்பொண்ண ஒனக்கே குடுத்துடறன்" என்று கத்தினாள். பத்து வயசு நித்யா அந்தச் சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரம் விழுந்து கால் நசுங்கினாலும் மரியலூர்து உயிரோடு கிடைத்தார்.

மற்றவர்கள் என்றால் அடுத்த திருவிழாவிலேயே பயறு கொடுத்துப் பிள்ளையை மீட்டிருப்பார்கள். ராணிக்கு அது அல்பமாகப் பட்டது. "எம்புருசன் உசுருக்கு முந்திரிப் பயறா வெல?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டதில் அவளுக்கு ஊரில் ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. பூசையில் முதல் வரிசை, கலியாண வீட்டில் தனிப் பாய், 'சிஸ்டர் வூட்டம்மா' என்ற பேர். பிளஸ் டூ முடித்த கையோடு பெண்ணை மடத்தில் கொண்டுபோய் விட்டாள். போகச் சம்மதமா என்று பெண்ணை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம் என்பது பெண்ணுக்கும் தோன்றவில்லை.

மடத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள்தான் சிதம்பரத்தில் லேப் டெக்னீசியன் படிக்க வைத்தார்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று, இந்த வேலையை ஆயுசு முழுக்கச் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கன்னியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிற சமயத்தில் தலைமைச் சகோதரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது உன் விருப்பம்தானேம்மா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்டிராத கேள்வி. சில நாள் கழித்துப் போய், இல்லை என்று சொன்னாள். திட்டாமல் ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்பினார்கள். சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலையும் சொல்லி வைத்துவிட்டுப் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ராணி மண்ணில் விழுந்து புரண்டாள். "பாவி, ஒங்கப்பன் உசுரு அங்க அடமானமா இருக்குடி. நீ பாட்டுக்குத் திரும்பி வந்தா அவரு எப்பிடி இருப்பாரு?" என்று அழுதாள். மரியலூர்து கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார். அந்தப் புயலுக்குப் பிறகு அவர் வீட்டில் எதற்கும் வாய் திறப்பதில்லை. உயிர் பிழைத்ததே தன் தப்பு என்பதுபோல ஒரு மூலையில் இருப்பார்.

"எடைக்கு எட குடுத்து மீட்டுடலாம்மா. பயற நானே ஒடைக்கறன், நானே உரிக்கறன். நம்ம தோப்புக் கொட்டதான? பங்குச் சாமியாரையும் கேட்டுட்டன். பொருத்தன வச்சு நேந்துக்கினவங்க மனசு நெறஞ்சா போதும்னுட்டாரு" என்றாள் நித்யா.

ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற பொம்பளை இல்லை அவள். நித்யா அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஆனா ஒன்னும்மா. மூட்டையில கொற வைக்கக் கூடாது" என்றாள் நித்யா.

"ஏன்டி? தாய்மாமன் புடி போட வேணாமா?"

அந்த ஊரில் அது ஒரு முறை. பிள்ளையின் எடைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பயறு கட்டிக்கொண்டு போவார்கள். தட்டு சமமாகாமல் நிற்கும்போது தாய்மாமன் முன்னால் வந்து தன் பையிலிருந்து பிடி பிடியாகப் போட்டு நிரப்புவான். குறையை நிரப்பியவனுக்கே பிள்ளை சொந்தம் என்பது பேச்சு. பெண் குழந்தை என்றால், "பொண்ணு ஒம்மவனுக்குத்தான்டா, புடி போட்டுட்ட" என்று கூட்டம் கேலி பண்ணும். தொட்டில் பிள்ளைக்கு அது கேலி. வளர்ந்த பெண்ணுக்கு அது நிச்சயதார்த்தம்.

நித்யாவின் தாய்மாமன் அருளப்பனுக்கு ஒரு மகன் இருந்தான், ஜேக்கப். நாற்பதைத் தொடுகிற வயசு, பெண்டாட்டியை மஞ்சள் காமாலையில் பறிகொடுத்தவன்.

"யாரு புடியும் வேணாம். எங்கையால ஒடச்சது மட்டும் தட்டுல இருக்கட்டும். அன்னிக்கோட நான் சாமிக்கும் இல்ல, யாருக்கும் இல்ல. வேலைக்குப் போறன்."

"யாருக்கும் இல்லன்னு ஒரு பொண்ணு இருக்க முடியுமாடி?" என்றாள் ராணி. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

வேலை தோட்டத்துப் பக்கம் பலாமர நிழலில் நடந்தது. விடிந்ததும் கொட்டையை வெயிலில் பரப்புவார்கள். காய்ந்த கொட்டையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அதைக் கல்லில் நிமிர்த்தி வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பயறு நொறுங்கும், மெல்லத் தட்டினால் ஓடு பிளக்காது. ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்ட இடமெல்லாம் வெந்து, கறுத்து, தோல் தோலாக உரியும். அடுப்புச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும்.

நித்யாவுக்கு முதல் வாரத்திலேயே விரல் நுனியெல்லாம் கொப்புளம். சோற்றில் கை வைத்தால் காந்தியது. ராணி வேப்பெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து மகளின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவினாள். ராணியின் கை சின்ன வயசிலிருந்து கொட்டையிலேயே வெந்த கை. உள்ளங்கை வழவழவென்று இருக்கும், ரேகை என்று ஒன்று கிடையாது. ரேசன் கடை மிசின் ஒருநாளும் அவள் விரலை ஒத்துக்கொண்டதில்லை. அரிசி வாங்க மரியலூர்துதான் காலை இழுத்துக்கொண்டு போவார்.

"ஊசி புடிக்கிற கை, கொட்ட பாலுல ஊறணும்னு என்னாடி தலையெழுத்து? நாலு பேர வுட்டு ஒடைக்கறன், நீ சும்மா கெட."

"இல்லம்மா. நானே ஒடைக்கறன்."

"புடிவாதம். அப்பிடியே எங்கம்மா மாதிரி." எண்ணெய் தடவுவதை ராணி நிறுத்தவில்லை. "ஏன்டி, உண்மையச் சொல்லு. எவனையாச்சும் பாத்து வச்சிருக்கியா சிதம்பரத்துல?"

"இல்ல."

"இருந்தாக்கூட சொல்லு. நான் மனசக் கல்லாக்கிக்கறன். ஒரு பேராச்சும் இருக்கும். நாளைக்கி நாலு பேரு கேட்டா, இன்னார் வூட்டுக்குப் போயிட்டான்னு சொல்லுவன்."

"யாரும் இல்லம்மா. ஒரு ரூம்பு. அந்த லேபுல வேல செய்யற கயல்விழின்னு ஒருத்தி இருக்கா, அவளும் நானும் சேந்து எடுத்துக்குவம். காலையில லேபுக்குப் போவன், சாயந்தரம் வந்து சோறாக்கித் தின்னுவன். அவ்ளோதான்."

"இதுக்கா மடத்த உட்டுட்டு வந்த? இதுக்கா?"

பெரிய லட்சியம் ஏதாவது இருந்திருந்தால் அம்மாவுக்குச் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு இருந்தது ஒரு சின்ன ஆசைதான். தான் எழுந்திருப்பதும் படுப்பதும் யாருடைய உயிரையும் காப்பாற்றுவதற்காக இருக்கக் கூடாது, அவ்வளவு.

மத்தியானம் பலாக்கொட்டையும் கருவாடும் போட்ட குழம்பு, கேழ்வரகுக் களி. ராணி உருண்டை உருண்டையாக மகளுக்கு எடுத்து வைப்பாள். வெயிலும் கொட்டைப் பாலின் காந்தலும் பட்ட உடம்புக்குச் சோறு இறங்குவதில்லை. நித்யா பாதியைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். மடத்து உடுப்பில் பூசினாற்போல இருந்தவள், வைகாசி முடிவதற்குள் தோள் எலும்பு தெரிய இளைத்துப்போனாள். ராணியின் கண்ணுக்கு அது பட்டதாகத் தெரியவில்லை. பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளை எப்போதும் ஒரே எடைதான்.

ஒருநாள் அருளப்பன் தோளில் பலாப்பழத்தோடு வந்தார். பழத்தை இறக்கி வைத்துவிட்டு, உடைத்துக் குவித்திருந்த பயற்றை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"பரவாயில்லியே பாப்பா. முழுப் பயறா வுழுவுதே. எங்க தோப்புல கூலிக்கு வர்றதுங்க பாதிக்குப் பாதி ஒடச்சித் தள்ளுதுங்க."

"வாங்க மாமா."

"ஜேக்கப்பு ஒன்னிய விசாரிச்சான். பாவம், சமைக்க ஆளில்லாம ஓட்டல்ல துன்னுட்டுக் கெடக்கறான். ஹும். மச்சான், காலு எப்பிடி இருக்குது?"

"இருக்குது" என்றார் மரியலூர்து.

அண்ணனும் தங்கையும் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது ராணியின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவை நித்யா தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் நித்யா மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வியாபாரி கடைக்குப் போனாள். எடை மேடையில் முதலில் தான் ஏறி நின்றாள். பிறகு மூட்டையை வைத்தாள். இளைப்பதற்கு முந்தின எடைக் கணக்கில் உடைத்துக்கொண்டே வந்ததில் மூட்டை அவளைவிட ஒரு படி அதிகம். அதிகம் இருந்துவிட்டுப் போகட்டும், கோயில் பாயசத்துக்குத்தானே என்று அப்படியே கொண்டுவந்து, வாயைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தராசைக் கட்டினார்கள். வேப்பமரத்துக் கிளையில் இரும்புக் கோல், இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்கும் பலகைத் தட்டு. பெரியவர்கள் ஏறினால் தாங்குமா என்று இளவட்டங்கள் ஏறி ஆடிப் பார்த்தார்கள். ஓரத்தில் அண்டாவில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. ராணி மகளுக்குப் பட்டுப்புடவை கட்டி, தன் சங்கிலியையும் வளையலையும் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்திருந்தாள். "இன்னிக்கு ஒருநாளாச்சும் பொண்ணு மாதிரி இரு" என்றபோது நித்யா மறுக்கவில்லை. இவ்வளவு தூரம் இறங்கி வந்த அம்மாவிடம் பூவுக்கும் நகைக்கும் என்ன சண்டை?

அவள் தட்டில் உட்கார்ந்ததும் அருளப்பன் மாலையோடு வந்தார். ரோஜாவும் சம்பங்கியுமாக ஆள் தொடை கனத்தில், தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. கழுத்தில் விழுந்ததும் தலை தானாகக் குனிந்தது.

எதிர்த்தட்டில் மூட்டையை ஏற்றினார்கள். நித்யா இருந்த தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை.

"கொற இருக்குது! தாய்மாமன் எங்கப்பா? வா, வா!" என்று கூட்டம் கூவியது. அருளப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் தயாராகப் பையோடு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ஜேக்கப் புதுச் சட்டையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நித்யா மூட்டையைப் பார்த்தாள். அவள் கட்டியது சுருக்கு முடிச்சு. இப்போது மூட்டை வாயில் இருந்தது இரட்டை முடிச்சு. அரிசிப் பைக்கு, ஊறுகாய் ஜாடித் துணிக்கு, அவள் மடத்துக்குப் போனபோது பெட்டியைச் சுற்றிய கயிற்றுக்கு, எல்லாவற்றுக்கும் அம்மா போடுகிற முடிச்சு. அம்மாவைத் தேடினாள். ராணி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மரியலூர்து தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

"மாமா, நில்லுங்க" என்றாள் நித்யா.

மாலையைக் கழற்றிப் பலகைக்கு வெளியே மண்ணில் வைத்தாள். தட்டு தரையை விட்டு எழும்பியது.

"பாப்பா, மாலயக் கழட்டக் கூடாது. அபசகுனம்" என்றார் அருளப்பன்.

அவள் வளையல்களை உருவினாள். சங்கிலியைக் கழற்றினாள். தலைப் பூவை முழுசாகப் பிய்த்து எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கீழே வைக்க வைக்க, தட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ராணி கண்ணைத் திறந்தவள், "ஐயோ, தாலியறுத்தவளாட்டம் எல்லாத்தயும் கழட்டறாளே! யாராச்சும் புடிங்களேன்!" என்று அலறினாள். யாரும் பிடிக்கவில்லை. வெயிலில் வெந்து இளைத்த உடம்பு மட்டும் மிச்சம் இருந்தபோது, கோல் ஆடி ஆடி நேராக நின்றது.

அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர்தான் முதலில், "சமம்" என்றார். சாமியார் தயங்கி, தீர்த்தம் தெளித்து, சிலுவை போட்டார். அருளப்பன் பையை இறுக்கிக் கட்டினார்.

"ராணி, தாய்மாமன் கை படாத மீட்பு மீட்பே இல்ல. இனி ஒன் வூட்டு நல்லது கெட்டதுக்கு என்னியக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு, பாயசம் வாங்காமல் மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நித்யா பையை எடுத்துத் துணி அடுக்கினாள். தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனவள் அரிசிப் பானை மூடி சரியாக உட்காராமல் இருப்பதைப் பார்த்தாள். திறந்தால், அரிசியின்மேல் பழைய சேலைத் துணியில் ஒரு மூட்டை. அவிழ்க்காமலே தெரிந்தது. ராணி நிலைப்படியில் வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"எடுத்தன்தான். ஒரே ஒரு படி அளந்துதான் எடுத்தன். ஒன்னியக் குழியில தள்ளவா எடுத்தன்? மடத்த உட்டு வந்தவள நாளைக்கி எவன்டி கட்டுவான்? எங்கண்ணன் மனசு வந்து கேட்டுது. மொறையாப் புடி போட்டாருன்னா ஊரு வாய மூடிக்கும்னு பாத்தன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டன்."

"பின்ன இன்னாத்துக்குக் கேக்கணும்?"

நித்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. புயலில் வேண்டிக்கொண்டபோதும் அம்மா இதே கணக்கில்தான் கேட்காமல் இருந்திருப்பாள்.

"சாமி ஒன்னிய உட்டுடுச்சி. எங்கண்ணன் என்னிய உட்டுட்டுது. ஒங்கப்பனுக்கு நாளைக்கி ஒன்னு ஆச்சின்னா, யாரு மேல பழியப் போடுவன்? சொல்லு. யாரு மேல போடுவன்?" ராணி மூச்சு வாங்கினாள். பிறகு பானையிலிருந்து அந்தத் துணி மூட்டையை எடுத்து, மகளின் பையில் சேலைகளுக்கு நடுவே திணித்தாள். "இத எடுத்துக்கினு போ. ஒன் எட எனக்கு வேணாம்."

"அம்மா..."

"அம்மான்னு கூப்புடாத. மீட்டுக்கினு போறல்ல? முழுசா போ."

மரியலூர்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை காலை இழுத்து இழுத்து வந்தார். கடலூர் பஸ் தூரத்தில் தெரிந்ததும், "ராத்திரி அவ முடிச்ச அவுக்கறப்ப நான் முழிச்சிக்கினுதான் இருந்தன்" என்றார்.

"தெரியும்ப்பா."

"அந்த மரம் இன்னும் செத்த தள்ளி, எந்தலமேல வுழுந்திருக்கலாம்."

நித்யா அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். அவள் பஸ்ஸில் ஏறினாள். கடலூரில் இறங்கி, சிதம்பரம் வண்டி மாறினாள்.

லேபில் மறுநாள் காலை மேனேஜர் பாலகுமார் வருகைப் பதிவு மிசினை அவள் பக்கம் திருப்பினார். கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், மறுபடியும் சிவப்பு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று.

"என்னம்மா இது, ஒரு வெரல்லயும் ரேகையே இல்ல? ஆசிட்டுல கைய உட்டியா?"

"கொட்ட பாலு சார். முந்திரி."

"ஓகோ, பண்ருட்டிப் பக்கமா? சரி, தோலு வளந்து வரட்டும். அதுவரைக்கும் நீ யாருன்னு மிசினுக்குத் தெரியாது. வெளி நோட்டுல கையெழுத்து போட்டுட்டு உள்ள போ."

நித்யா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று, அங்கங்கே கறுத்து, அப்படியே அம்மாவின் கை. வேறு யாராகவோ ஆக வேண்டும் என்று அம்மாவை விட்டு வந்தவள், அம்மாவின் கையைத்தான் கொண்டு வந்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிட ரூமுக்கு வந்தபோது கயல்விழி அவள் பையைக் குடைந்து துணி மூட்டையைக் கண்டுபிடித்தாள். இரட்டை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"அடியே, முந்திரிப் பயறுடி! எவ்ளோ! இத்தினியும் ஊட்லேர்ந்தா?" ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லவங்கடி ஒங்கம்மா. எங்கம்மால்லாம் ஊறுகாகூட கட்டித் தராது. அம்மாதான குடுத்தாங்க?"

"ஆமா" என்றாள் நித்யா. "அம்மாதான் குடுத்தாங்க."